மான்ஸ்டர் மினி வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி), பாத்ஃபைண்டர் மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ரோல்பிளே ஆட்டங்களை நடத்தத் தொடங்கும் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வீரர்களுக்கு மினி, அதாவது மேசையில் நிறுத்தும் குட்டி உருவம், வாங்குவது எளிது, ஆளுக்கு ஒன்று, அவரவருக்குப் பிடித்தது. மான்ஸ்டர் அப்படியில்லை. எத்தனை வேண்டும், என்ன அளவு, எது திரும்பத் திரும்ப வரும் என்று யோசிக்காமல் அழகை மட்டும் பார்த்து வாங்கினால் அலமாரி நிறைந்துவிடும், வெள்ளிக்கிழமை ராத்திரி சண்டைக்கு வைக்க ஒன்றும் இருக்காது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஆட்டத்தை நடத்துபவரை டிஎம் என்றே சொல்கிறேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

மினி இல்லாம ஆடவே முடியாதா? கட்டாயம் வாங்கணுமா?

கட்டாயம் இல்லை. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலிலேயே கட்டம் போட்ட பாயில் ஆடுவதை விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் விதியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். வாயால் சொல்லியே மொத்தச் சண்டையையும் நடத்தும் டிஎம்கள் நிறைய இருக்கிறார்கள், நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு ஓகரை அடிக்கும் சண்டைக்கு அதுவே தாராளம்.

ஆனால் எட்டு கோப்ளின், மூன்று ஓநாய், நடுவில் ஒரு ஓடை என்று வந்துவிட்டால் "நான் எங்கே நிற்கிறேன், இந்த ஃபயர்பால் எங்கள் ஆளையும் சேர்த்துப் பிடிக்குமா" என்று கேட்டுக் கேட்டே நேரம் போய்விடும். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தின் ஆரம் 20 அடி, ஒரு கட்டம் 5 அடி, அதாவது நடுப்புள்ளியிலிருந்து நாலு பக்கமும் நாலு கட்டம், இதை மனதில் வைத்துக்கொண்டு எட்டு பேரை நிறுத்துவது யாருக்கும் கஷ்டம். மினியின் முதல் வேலை இதுதான்: யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு இடம் பிடிக்கிறார் என்று மேசையின் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சட்டென்று தெரிய வேண்டும். பயமுறுத்துவதும் அழகாக இருப்பதும் அதற்கு அப்புறம்தான். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

28 மி.மீ., 32 மி.மீ., ஹீரோயிக் ஸ்கேல்னு போட்டிருக்கே, எதை எடுக்கிறது?

28 அல்லது 32, இரண்டில் எது கிடைத்தாலும் எடுக்கலாம். இந்த எண் ஒரு சராசரி மனித உருவத்தின் உயரத்தைக் குறிக்கிறது. சிலர் உள்ளங்காலிலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை, அதனால் இரண்டு கம்பெனியின் 28 மி.மீ. உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும். ஹீரோயிக் என்றால் தலை, கை, ஆயுதம் எல்லாம் நிஜ விகிதத்தைவிடப் பெரிதாகச் செதுக்கப்பட்டவை, தூரத்திலிருந்து பார்க்கத் தெளிவாக இருக்கும், பெயின்ட் அடிக்கவும் சுலபம்.

ஆட்டப்பாயில் ஓர் அங்குலம் என்பது கதையில் 5 அடி. 5 அடிக்கு 60 அங்குலம், ஆக 1:60 என்ற விகிதம், அதில் 170 செ.மீ. ஆள் ஏறத்தாழ 28 மி.மீ. வருவான். கணக்கு இங்கே பொருந்துகிறது என்பதால்தான் இந்த அளவு உருவங்கள் கட்டத்தில் சரியாக உட்காருகின்றன. 1:72 என்று போட்ட போர்வீரர் பொம்மைகள் பக்கத்தில் நின்றால் சின்னதாகத் தெரியும், ஆனால் அவற்றைக் கோப்ளின் உயரத்து ஆட்களாக வைத்துக்கொள்ளலாம். மான்ஸ்டரைப் பொறுத்தவரை உயரம் முன்னேபின்னே இருந்தால் பரவாயில்லை, ஓர் ஓகர் இன்னொரு ஓகரைவிட உயரமாக இருப்பதில் என்ன தப்பு. உருவம் நிற்கும் அடித்தட்டு, அதாவது பேஸ், அதன் அளவில்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பேஸ் அளவு அவ்வளவு முக்கியமா? எந்த மான்ஸ்டருக்கு எவ்வளவு?

ஆமாம், நான் முதலில் பார்ப்பது அதைத்தான். சண்டையில் இடத்தைப் பிடிப்பது பேஸ், உருவம் அதன்மேல் நிற்கிறது, அவ்வளவுதான். ஐந்தாம் பதிப்பில் ஸ்மால், மீடியம் இரண்டும் ஒரு கட்டம் பிடிக்கும், அதற்கு 25 மி.மீ. பேஸ். கோப்ளின், கோபோல்ட் ஸ்மால். எலும்புக்கூடு, ஸோம்பி, சாதாரண ஓநாய், கார்காயில், மெடூசா எல்லாம் மீடியம். லார்ஜ் என்றால் 10 அடி, இரண்டுக்கு இரண்டு கட்டம், 50 மி.மீ.: ஓகர், டிரால், மினோட்டார், ராட்சதச் சிலந்தி, டயர் உல்ஃப், கிரிஃபன் இந்த வகை. ஹ்யூஜ் 15 அடி, மூன்றுக்கு மூன்று, 75 மி.மீ.: ஹில் ஜயன்ட், ஹைட்ரா, டிரீயன்ட். கார்கான்சுவன் 20 அடியோ அதற்கு மேலோ, குறைந்தது நாலுக்கு நாலு, 100 மி.மீ.: பர்ப்பிள் வோர்ம், மிக வயதான டிராகன்கள். எலி, வௌவால் மாதிரி டைனி ஒரே கட்டத்தில் நான்கு நிற்கும்.

கடையில் படத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான் நடக்கிறது. ஒரு ராட்சதச் சிலந்தி படத்தில் கம்பீரமாக இருக்கும், கையில் வாங்கினால் 25 மி.மீ. பேஸில் ஒடுங்கி நிற்கும், விதிப்படி அது நாலு கட்டம் பிடிக்க வேண்டியது. அதனால் விவரத்தில் பேஸ் அளவு எத்தனை மி.மீ. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லை என்றால் கேளுங்கள். கையில் ஏற்கெனவே சின்ன பேஸில் ஒன்று இருந்தால் தடிமனான அட்டையிலோ எம்டிஎஃப் பலகையிலோ 50 மி.மீ. வட்டம் வெட்டி அதன்மேல் ஒட்டிவிடுங்கள், சரியாகிவிடும்.

முதல்ல எதை வாங்கணும்? டிராகன் ஒண்ணு எடுத்துடலாமா?

டிராகனைப் பிறகு பார்க்கலாம், கீழே அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. ஆட்டம் தொடங்கி முதல் நான்கைந்து லெவல் வரை வீரர்கள் மோதப்போவது கூட்டத்தோடுதான். கோப்ளின், எலும்புக்கூடு, ஓநாய், கொள்ளைக்காரன். இவற்றில் ஏதாவது இரண்டு வகையை எடுத்து வகைக்கு ஆறு அல்லது எட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று என்று பன்னிரண்டு வகை வாங்கி வைத்தால், ஆறு கோப்ளின் வரும் சண்டைக்கு ஒரு கோப்ளினும் ஐந்து பாட்டில் மூடியும் வைத்துத்தான் ஆட வேண்டிவரும்.

எலும்புக்கூடுதான் என்னுடைய முதல் தேர்வு. கல்லறையிலும் வரும், பாழடைந்த கோட்டையிலும் வரும், எந்த மந்திரவாதி கூப்பிட்டாலும் எழுந்து வரும், வீரர்கள் லெவல் பத்தைத் தாண்டிய பிறகும் பெரிய வில்லனுக்கு அடியாளாக நிற்கும். பெயின்ட் அடிக்கவும் அதைவிட லேசானது கிடையாது. வாள், ஈட்டி, வில் மூன்றும் கலந்த செட்டாகப் பாருங்கள், வில் வைத்திருப்பவன் தூரத்தில் நிற்கிறான் என்று யாரும் சொல்லாமலே புரியும். இரண்டாவது வகை உங்கள் கதையைப் பொறுத்தது. காட்டில் நடந்தால் ஓநாய், நகரத்தில் நடந்தால் கொள்ளைக்காரர்கள். மனித உருவங்கள் நாளைக்கே காவலாளியாகவும் ரகசியக் கும்பலாகவும் மாறிக்கொள்ளும்.

இதோடு லார்ஜ் அளவில் ஒன்றே ஒன்று, ஓகரோ டிராலோ. நான்கு வீரர்களுக்கு நடுவே 50 மி.மீ. பேஸில் ஒருவன் வந்து நின்றதும் மேசையில் பேச்சு மாறுவதைப் பார்ப்பீர்கள். இவ்வளவு இருந்தால் முதல் சில மாதங்களுக்குக் கவலையில்லை.

பெயின்ட் அடிச்சது வாங்கவா, அடிக்காததா?

உட்கார்ந்து பெயின்ட் அடிக்க நேரமும் ஆசையும் இருந்தால் அடிக்காதது, இல்லையென்றால் அடித்தது. பெயின்ட் அடிக்காமல் சாம்பல் நிறத்திலேயே வைத்து ஆடினாலும் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் பத்து சாம்பல் உருவங்கள் கலந்து நிற்கும்போது எது எது என்று தெரியாமல் போகும்.

விஸ்கிட்ஸ் கம்பெனியின் நோல்சூர்ஸ் வரிசை ப்ரைமர் (வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடித்தே வருகிறது, நேரே வண்ணம் பூசலாம். அதே கம்பெனியின் ஐக்கான்ஸ் ஆஃப் தி ரெல்ம்ஸ் முழுக்க வண்ணம் அடித்தது. அமெரிக்காவில் டெக்சாஸில் உள்ள ரீப்பர் கம்பெனியின் வரிசை போன்ஸ். 2012-ல் இணையத்தில் மக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 34 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித்தான் அதைப் பெரிதாக்கினார்கள். மென்மையான பிளாஸ்டிக், ப்ரைமர் இல்லாமலே பெயின்ட் பிடிக்கும், முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். அதன்மேல் ஸ்ப்ரே ப்ரைமர் அடித்தால் சில வகை காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும், பேஸின் அடியில் கொஞ்சம் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே போங்கள். எந்த மினியாக இருந்தாலும் மழைநாளில் ஸ்ப்ரே வேண்டாம், காற்றில் ஈரம் இருந்தால் மேல்பரப்பு பொரிந்துபோகும்.

மூடின பெட்டியில வர்றது வாங்கலாமா? உள்ள என்ன இருக்குன்னு தெரியாதாமே?

ஐக்கான்ஸ் பூஸ்டர் பெட்டிகள் அப்படித்தான், ஒன்றில் நான்கு உருவம், எது வரும் என்று திறந்தால்தான் தெரியும். மேலே சொன்ன "வகைக்கு ஆறு" கணக்குக்கு இது சரிப்படாது. அதே உருவங்களைப் பெட்டி திறந்து தனித்தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள், அரிதில்லாத கோப்ளினும் ஓநாயும் அங்கே மலிவாகவே கிடைக்கும், ஒரே மாதிரி ஆறு கேட்டு வாங்கலாம். திறக்கும் சந்தோஷத்துக்காக எப்போதாவது ஒரு பெட்டி வாங்குவது வேறு.

பிளாஸ்டிக், மெட்டல், ரெசின், எது நல்லது?

கூட்டமாக வருவதற்குப் பிளாஸ்டிக். கீழே விழும், பையில் உரசும், கைமாறும், எல்லாவற்றையும் தாங்கும். மென்மையான பிளாஸ்டிக்கில் வாள் வளைந்து வந்தால் கொதிக்க வைத்த தண்ணீரில் சில நொடி முக்கி, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள், அப்படியே நிற்கும். மெட்டல் கனமாக, நுணுக்கமாக இருக்கும். ஒரே ஒரு முக்கிய வில்லனுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பெரிய மெட்டல் உருவத்தின் இறக்கையை வெறும் பசையில் ஒட்டினால் நிற்காது, உள்ளே கம்பி வைத்து ஒட்ட வேண்டும். ரெசினில் செதுக்கல் மிக அழகு, மெல்லிய இடம் பட்டென்று உடையும்.

பசையில் ஒரு விஷயம். ஃப்ரேமிலிருந்து வெட்டி எடுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மட்டும்தான் பிளாஸ்டிக் சிமென்ட் வேலை செய்யும், மற்ற எல்லாவற்றுக்கும் சூப்பர் க்ளூ.

பொம்மைக்கடை டைனோசரை மான்ஸ்டரா வெச்சா கேவலமா இருக்குமா?

இந்த ஆட்டத்தின் பிறப்பே அங்கேதான் இருக்கிறது, தைரியமாக வையுங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் டி அண்ட் டி-யை வெளியிட்டபோது மான்ஸ்டர் மினி வேண்டுமென்றால் இன்று மாதிரி நூறு வகை கிடைக்காது. ஹாங்காங்கில் செய்து மலிவு விலையில் விற்ற, "வரலாற்றுக்கு முந்திய விலங்குகள்" என்று பெயர் போட்டிருந்தும் எந்த விலங்கு மாதிரியும் இல்லாத பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலம் ஒன்று கைகாக்ஸ் கையில் கிடைத்தது. அந்த விநோத உருவங்களுக்குப் பெயரும் குணமும் கொடுத்துச் சண்டையில் இறக்கினார்கள். ஆந்தைத் தலையும் கரடி உடம்புமான ஆவுல்பேர், இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், மண்ணுக்குள் நீந்தி வரும் புலெட் மூன்றும் அந்தப் பொட்டலத்திலிருந்து வந்தவை. முதல் இரண்டும் 1975-லும், புலெட் 1976-லும் அச்சில் வந்தன. இன்றைக்கு அதிகாரபூர்வமாக விற்கும் ரஸ்ட் மான்ஸ்டரின் வாலைப் பாருங்கள், அந்தப் பொம்மையின் வால்தான்.

அளவு பார்க்க மேலே சொன்ன 1:60 கணக்கே உதவும். டைரனோசரஸ் நிஜத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 60-ஆல் வகுத்தால் 20 செ.மீ. அந்த நீளத்தில் பொம்மை கிடைத்தால் ஹ்யூஜ் பேஸில் ஒட்டிவிடலாம். பளபளப்பான பொம்மை நிறத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்: ஒரு கோட் அடர்நிறம், காய்ந்ததும் நீர்த்த கருப்போ பழுப்போ பூசிப் பள்ளங்களில் இறங்கவிட்டு, கடைசியில் தூரிகையைத் துடைத்துவிட்டு வெளிர்நிறத்தை மேடுகளில் லேசாக உரசினால் பொம்மை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரப்பர் பல்லி, பிளாஸ்டிக் சிலந்தி, தேள் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்.

காசு அவ்வளவு இல்லை. அட்டையில வெட்டி வெச்சா போதுமா?

போதும். பைசோ கம்பெனி பாத்ஃபைண்டருக்காக நூற்றுக்கணக்கான மான்ஸ்டர்களைத் தடிமன் அட்டையில் அச்சிட்டு, பிளாஸ்டிக் தாங்கியோடு பெட்டியாகவே விற்கிறது. ஒரு பெட்டி வாங்கினால் நீங்கள் நடத்தப்போகும் கதைக்கு வேண்டிய முக்கால்வாசி அதில் இருக்கும், அதுவும் சரியான பேஸ் அளவோடு. வீட்டில் அச்சடித்து மடித்து ஒட்டினாலும் சரிதான், முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறாக இருந்தால் மான்ஸ்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் தெரியும்.

நான் பரிந்துரைப்பது கலவை: கூட்டத்துக்கு அட்டை, தலைவனுக்கு மட்டும் நிஜ மினி. எட்டு அட்டைக் கோப்ளின்களுக்கு நடுவே முழு உருவமாக ஒருவன் நின்றால் யார் தலைவன் என்று சொல்லவே வேண்டாம்.

எட்டு எலும்புக்கூடும் ஒரே மாதிரி இருக்கு. எதுக்கு எவ்வளவு அடி விழுந்திருக்குன்னு குழம்புது.

பேஸின் விளிம்பில் ஆளுக்கு ஒரு வண்ணம் பூசுங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று. "நீலத்தை அடிக்கிறேன்" என்று வீரரே சொல்வார், நீங்கள் தாளில் நீலத்துக்கு நேரே கழித்துக்கொண்டே வரலாம். எண் எழுதலாம், ஆனால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்குத் தெரியாது, வண்ணம் எல்லாப் பக்கமும் தெரியும். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர் மேசையில் இருந்தால் கோடு, புள்ளி, வரி என்று வடிவத்தையும் சேர்த்துவிடுங்கள்.

த்ரீடி பிரின்டர்ல நாமே அடிச்சுக்கலாமே?

அடிக்கலாம், மாதாமாதம் நிறைய அடிக்கப்போகிறீர்கள் என்றால் லாபமும்கூட. இழை உருக்கி அடிக்கும் பிரின்டர் பெரிய மான்ஸ்டர்களுக்கும் சுவர், தூண் மாதிரி அரங்கப் பொருட்களுக்கும் நல்லது. எலும்புக்கூட்டின் விலாவும் விரலும் தெளிவாக வர ரெசின் பிரின்டர் வேண்டும். காயாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரும், அதனால் நைட்ரைல் கையுறை, காற்றோட்டமான இடம், ஆல்கஹாலில் கழுவி புற ஊதா விளக்கில் இறுக்குவது, இதில் எதையும் விடக் கூடாது. கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். படுக்கையறையில் பிரின்டர் வைப்பதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஃபைலை உங்கள் மேசைக்கு அடித்துக்கொள்ளும் உரிமையும் அடித்து விற்கும் உரிமையும் வேறு வேறு, உருவம் செதுக்கியவர் பெரும்பாலும் விற்பனைக்குத் தனியாகக் கட்டணம் வைத்திருப்பார். அவர் உழைப்பு அது, மதியுங்கள்.

பிஹோல்டர்னு தேடினா ஒரே கம்பெனிதான் வருது, மத்தவங்க ஏன் செய்யறதில்லை?

செய்கிறார்கள், வேறு பெயரில். 2000-ல் டி அண்ட் டி விதிகளில் பெரும்பகுதியை மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்த உரிமத்தில் விட்டபோது பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்பிளேசர் பீஸ்ட், யுவான்-டி மாதிரி சில பிராணிகளை டி அண்ட் டி-யை வெளியிடும் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. விஸ்கிட்ஸ் மாதிரி உரிமம் பெற்றவர்கள் மட்டும் அந்தப் பெயரைப் போட முடியும். ரீப்பரில் "ஐ பீஸ்ட்" என்றும் "பாதாலியன்" என்றும் தேடிப் பாருங்கள், முறையே பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் வேலையைச் செய்யும். மற்ற இடங்களில் பெயரை விட்டுவிட்டு உருவத்தைச் சொல்லித் தேடுங்கள், ஒற்றைக்கண் உருண்டை, முகத்தில் விழுதுகள் என்று.

ராட்சசன் மினி கேட்டா புலித்தலையோட வருது. நம்ம ராட்சசன் அப்படி இல்லையே?

1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவல் நூலில் டேவிட் டிராம்பியர் வரைந்த படத்தில் ராட்சசன் புலித்தலையோடு, மேலங்கி போட்டு, புகைக்குழாயோடு உட்கார்ந்திருப்பான். படம் அவ்வளவு பிரபலமாகிவிட்டது, அதற்கப்புறம் செதுக்கியவர்கள் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். பின்னாளில் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பிய கைகளும் அடையாளமாகிவிட்டன. விதிப்படியான ராட்சசன் வேண்டுமென்றால் கைகள் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

இராமாயணம் கேட்டு வளர்ந்த மேசைக்கு அது ஒட்டவில்லை என்றால் விதியை வைத்துக்கொண்டு உருவத்தை மாற்றுங்கள். கோரைப்பல்லோடு, ஆபரணத்தோடு, கதாயுதமோ வாளோ ஏந்திய ஓனி அல்லது ஓகர் மந்திரவாதி உருவம் ரொம்பப் பொருத்தமாக இருக்கும். ஆனால் ஓனி லார்ஜ் பேஸில் வரும், டி அண்ட் டி ராட்சசன் மீடியம், ஒரு கட்டம்தான். ஒன்று சின்ன உருவமாகப் பாருங்கள், அல்லது உங்கள் ராட்சசன் நாலு கட்டம் பிடிப்பான் என்று முன்னாலேயே அறிவித்துவிடுங்கள், ராட்சசன் பெரிதாக இருந்தால் நம் ஊர் ஆட்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஜெலட்டினஸ் க்யூப், மிமிக், பறக்கிறது, இதுக்கெல்லாம் எப்படி வாங்கறது?

ஜெலட்டினஸ் க்யூப் 10 அடிக் கனசதுரம், ஆட்களை உள்ளே விழுங்கும். அதனால் ஒளி ஊடுருவும், உள்ளே குடைவான, அடி திறந்த உருவமாக வாங்குங்கள், விழுங்கப்பட்ட வீரரின் மினியை அப்படியே மூடி வைக்கலாம். கெட்டியாக வார்த்தது பார்க்க அழகு, பிரயோஜனம் பாதிதான். பெட்டி மாதிரி வேஷம் போட்டு ஏமாற்றும் மிமிக்குக்கு இரண்டு வகை வேண்டும்: பல் தெரியும் பெட்டி ஒன்று, சாதாரணப் பெட்டி மூன்று நான்கு. பல் தெரிவதை மட்டும் மேசையில் வைத்தால் ரகசியம் போச்சு. டாப்பல்கேங்கருக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், யார் உருவத்தை எடுத்திருக்கிறதோ அவருடைய மினியே போதும்.

பறப்பவற்றுக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் குச்சி வைத்த தாங்கி வருகிறது, மேல்பாரம் அதிகமானால் சாயும், பேஸ் அடியில் ஒரு உலோக வாஷர் ஒட்டிவிடுங்கள். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பக்கத்தில் ஒரு டைஸ் வைத்துக் காட்டலாம், ஓர் எண்ணுக்கு 5 அடி.

சரி, இப்பவாவது டிராகன் சொல்லுங்க. எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில் வயது. குஞ்சு மீடியம், இளசு லார்ஜ், வளர்ந்தது ஹ்யூஜ், மிக வயதானது கார்கான்சுவன். பெரும்பாலான கதைகளில் வீரர்கள் நிஜமாகச் சண்டை போடுவது இளசோடும் வளர்ந்ததோடும்தான், அதனால் ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஹ்யூஜ் அளவில் எடுங்கள்.

இரண்டாவது இறக்கை, இதை யாரும் யோசிப்பதில்லை. பேஸ் 75 மி.மீ. ஆனாலும் விரித்த இறக்கை இரு பக்கமும் நாலைந்து கட்டத்துக்கு மேலே நீண்டு நிற்கும், டிராகனை நெருங்கி அடிக்க வரும் வீரர்களின் மினி அதன் அடியில் இடிபடும். இறக்கை மேல்நோக்கி உயர்ந்த நிலையிலோ மடித்த நிலையிலோ இருக்கும் உருவம்தான் மேசைக்கு ஏற்றது. வால் பேஸுக்குள் சுருண்டிருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது கொம்பு. சிவப்பு வாங்கி நீலமாக அடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: டி அண்ட் டி-யில் நீல டிராகனுக்கு மூக்கின்மேல் ஒற்றைக் கொம்பு, கறுப்புக்கு முன்னோக்கி வளைந்த கொம்புகள், சிவப்புக்குப் பின்னோக்கி நீண்ட இரண்டு. பழைய ஆட்டக்காரர்கள் நிறத்தைவிடக் கொம்பைப் பார்த்துத்தான் "இது மின்னல் கக்கும்" என்று முடிவு செய்வார்கள். எந்த நிறம் வரப்போகிறது என்று கதையில் முடிவான பிறகு வாங்குங்கள்.

பழைய மெட்டல் மினி ஒரு டப்பா நிறைய கிடைக்குது, வாங்கலாமா? வீட்டில குழந்தை இருக்கு.

1990களின் முற்பகுதிக்கு முந்திய மெட்டல் மினிகளில் ஈயம் இருக்கும், அப்புறம்தான் பெரும்பாலான கம்பெனிகள் ஈயமில்லாத கலவைக்கு மாறின. பெரியவர்கள் ஆடலாம்; தொட்டபின் கை கழுவ வேண்டும், அரம் போட்டு ராவித் தூள் கிளப்பக் கூடாது, பெயின்டும் வார்னிஷும் அடித்து மூடிவிட வேண்டும். மேலே வெள்ளைப் பொடி மாதிரி பூத்திருந்தால் ஈயம் அரித்துக்கொண்டிருக்கிறது, அதை வாங்காதீர்கள். கையில் உள்ளவற்றை ஓக் மர அலமாரியில் வைக்காதீர்கள், அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவிதான் அரிப்பைக் கிளப்புகிறது.

கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுக் குழந்தை இருந்தால் ஈய மினி வீட்டுக்கே வேண்டாம். அந்த வீட்டில் பேஸ் அடியில் காந்தம் ஒட்டி இரும்பு டப்பாவில் அடுக்கும் பழக்கத்தையும் தள்ளிப்போடுங்கள். சின்ன நியோடிமியம் காந்தங்கள் கழன்று விழுந்து இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். காந்தத்துக்குப் பதில் நுரைப்பஞ்சில் குழி வெட்டி வைத்தாலும் மினி அப்படியே பத்திரமாக இருக்கும்.